முதல் எடை

உத்திராபதி விழுந்தது அவருடைய சொந்தச் சரக்கின் மேல்தான். ஊரைச் சூழ்ந்த மூன்று மலையும் காய்ந்து அந்தச் சூட்டையெல்லாம் செஞ்சிக் கடைத்தெருவின் மேல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு சித்திரை மாதப் பிற்பகல். கடைக்குப் பின்னால் குடோனில் மூட்டை மாற்றிக் கட்டும்போது சிதறிய மல்லாட்டை என்கிற நிலக்கடலைப் பருப்பை யாரும் கூட்டவில்லை. எண்பத்திரண்டு வயது மனிதர், "எவன்டா அங்க, சரக்கு இப்பிடி எறைஞ்சி கெடக்குது" என்று திட்டிக்கொண்டே உள்ளே போனார். திட்டு முடிவதற்குள் கால் வழுக்கி, வலது இடுப்பு சிமெண்டுத் தரையில் அடிபட விழுந்தார். மல்லாட்டையால் பிழைத்தவரை மல்லாட்டையே தள்ளிவிட்டது என்று கடைத்தெருவில் பேசிச் சிரித்தார்கள். அந்தத் தெருவுக்கு எதைப் பார்த்தாலும் ஒரு சிரிப்பு வேண்டும்.

கடையில் எடை போடும் கலியபெருமாளும் இன்னும் சிலரும் அவரைக் கயிற்றுக் கட்டிலில் வைத்து வீட்டுக்குத் தூக்கி வந்தபோது ஜெயம் கேழ்வரகு மாவு சலித்துக்கொண்டிருந்தாள். ஜெயம் உத்திராபதியின் ஒரே மகன் பூவராகவனின் மனைவி. இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டவள். ஐம்பதைத் தொடப்போகிற வயது. மாமியார் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. இனிமேல் இந்த மனிதரைத் தூக்கவும் துடைக்கவும் திருப்பிப் போடவும் தன்னைத் தவிர இந்த வீட்டில் வேறு ஆள் இல்லை என்பது கட்டிலைப் பார்த்த அந்தக் கணமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சல்லடையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

அனந்தபுரத்திலிருந்து எலும்புக் கட்டுக்காரர் வந்தார். கை முறிவு, கால் முறிவுக்கு அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவரைவிட்டால் ஆள் கிடையாது. அதில் பொய் இல்லை. ஆனால் இடுப்புக்குள்ளே, சதைக்கடியில் ஒடிந்த எலும்பை எந்த மூங்கில் பத்தை போய் எட்டும்? முட்டை வெள்ளையும் உளுத்தமாவும் குழைத்துத் துணியில் தடவி, பத்தை வைத்து, தொடையிலிருந்து இடுப்புவரை இறுக்கிக் கட்டினார். வாரத்துக்கு ஒரு முறை வந்து பிரித்துப் பார்த்து மறுபடியும் கட்டினார். ஆடி பிறந்து கட்டை முழுக்க அவிழ்த்தபோது வலது கால் இடது காலைவிடக் குட்டையாக, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து, யாருடைய காலோ போலக் கிடந்தது. கட்டுக்காரர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வயசு" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று புறப்பட்டுவிட்டார்.

இந்த மூன்று மாதமும் ஜெயம் பட்டதை யாரிடம் சொல்வது? விடிந்ததும் கொல்லையில் சாம்பலும் சீயக்காயும் போட்டுத் துணி அலசுவதில் அவள் நாள் தொடங்கும். கிழவரை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒரு கையால் தாங்கி, மறு கையால் அடியில் கிடப்பதை உருவ வேண்டும். நல்ல கனமான உடம்பு. முதுகில் படுக்கைப் புண் வந்தது. வேப்பெண்ணெயும் மஞ்சளும் தடவினாள். கட்டிலுக்கடியில் முட்டை நாற்றமும் மூத்திர நாற்றமும் சேர்ந்து, வீட்டுக்குள் எங்கே நின்றாலும் மூக்கில் ஏறியது. பூவராகவன் கடையிலிருந்து வந்தால் வாசலிலேயே நின்று, "நைனா எப்பிடி இருக்குது?" என்று கேட்டுவிட்டுக் கைகால் கழுவப் போய்விடுவான். அவனுக்கு நாற்றம் ஆகாது. ஜெயத்துக்கு மட்டும் ஆகுமா என்று யாரும் கேட்கவில்லை.

முப்பது வருஷ மருமகள் வாழ்க்கையில் மாமனாரும் அவளும் பேசிக்கொண்டது சொற்பம். தண்ணி, சோறு, சாவி என்பதற்கு மேல் பேச்சு போனதில்லை. இப்போது அவள் அவரைத் துடைக்கிற ஒவ்வொரு தடவையும் அவர் தோள் துண்டை எடுத்துத் தன் முகத்தின் மேல் போட்டுக்கொள்வார். முடிந்து, வேட்டியைச் சரிசெய்து, "ஆச்சு மாமா" என்று அவள் சொன்ன பிறகுதான் எடுப்பார். ஒருநாள் துண்டை எடுக்காமலேயே பேசினார்.

"ஜெயம்."

"இன்னா மாமா."

"நாளையிலருந்து எனக்கு சோறு கம்மியா போடு."

"ஏன், பசிக்கலயா?"

"பசிக்குது. தின்னா உனக்குத்தானே வேல."

ஜெயம் அவர் வேட்டியைச் சரிசெய்தாள். துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய்க் கிணற்றடியில் நின்று அழுதாள். அவருக்காக அழுதாளா, தனக்காக அழுதாளா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் ஒரே கண்ணீர்தான் இருந்தது. அன்று மத்தியானமே கலியபெருமாளை விட்டுத் திண்டிவனத்து டாக்டரை அழைத்துவரச் சொன்னாள். கணவனைக் கேட்கவில்லை.

டாக்டர் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இடுப்புக் குமிழ் ஒடிந்துபோயிருக்கிறது, இனி அது எத்தனை கட்டுக் கட்டினாலும் சேராது என்றார். ஒடிந்த குமிழை எடுத்துவிட்டு அதே அளவுக்கு எவர்சில்வர் மாதிரி ஓர் உலோகக் குமிழை வைத்துவிடுகிற ஆபரேஷன் மெட்ராசில் இப்போது செய்கிறார்கள்; ஆனால் இந்த வயதுக்கு யோசிக்க வேண்டும் என்றார். யோசிக்க வேண்டும் என்ற சொல்லைப் பூவராகவன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். மண்டகப்பட்டில் வாழ்க்கைப்பட்டிருந்த அவன் தங்கை விருத்தாம்பாளுக்கு ஆள் அனுப்பினான். அவள் ஒரு பை வெள்ளரிப்பிஞ்சோடு வந்து இறங்கினாள். தகப்பனார் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நன்றாக அழுதாள், காப்பி குடித்தாள், அப்புறம் பேச்சை எடுத்தாள்.

"ஏன் அண்ணி, இந்த வயசுல எங்க நைனா மேல கத்தி வக்கணுமா? வச்சா தாங்குமா அந்த ஒடம்பு?"

"இப்பிடியே கெடந்தா மட்டும் தாங்குதா? முதுக வந்து பாரு விருத்தாம்பா. புண்ணு உள்ளங்கை அகலம் இருக்குது."

"பாக்க மாட்டேன்மா, எனக்கு மயக்கம் வந்துரும்."

"நான் தினம் பாக்குறேன்."

"அதத்தான் சொல்றேன். உனக்கு சலிச்சுபோச்சு. மெட்ராசுக்கு அனுப்பிட்டா ஒரேடியா முடிஞ்சிரும்னு பாக்குற."

ஜெயத்துக்குச் சுருக்கென்றது. சலித்துப்போனது பொய்யில்லை. சலித்துப்போகாமல் இருக்க அவள் என்ன கல்லா? ஆனால் சலிப்பதும் சாகடிப்பதும் ஒன்றா? பூவராகவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"நாலு பேரு இன்னா சொல்வான்? கெழவனக் கொண்டுபோயி அறுத்துப் போட்டானுங்கன்னு சொல்வான். எத்தினி பேரு படுக்கையில கெடந்து போயிருக்காங்க. விதி முடிஞ்சா போவப்போறாங்க."

"விதி முடியறவரிக்கும் யாரு அள்றது?" என்றாள் ஜெயம்.

அப்போது கட்டிலிலிருந்து குரல் வந்தது. எல்லோரும் அவரை மறந்துபோயிருந்தார்கள்.

"நான் போறேன்."

"நைனா, நீ சும்மா இரு. உனக்கு ஒண்ணும் தெரியாது" என்றான் பூவராகவன்.

"எனக்கா தெரியாது? முதுகுல புண்ணு எனக்கு. காலு என்னுது. கலியபெருமாள்கிட்ட சொல்லி கார் பேசச் சொல்லு. ஜெயம் கூட வரட்டும்."

பூவராகவன் மனைவியின் பக்கம் திரும்பினான். "தோ பாரு. எனக்கு சரக்கு வர்ற நேரம், நான் கடைய உட்டுட்டு வர முடியாது. நீயா இழுத்துகினு போற. ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா உன் தலையிலதான்."

"ஆவட்டும்" என்றாள் ஜெயம்.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் வார்டு முழுக்க வாலிபர்கள். லாரியில் அடிபட்டவன், சாரத்திலிருந்து விழுந்தவன், பனைமரத்திலிருந்து விழுந்தவன். அவர்கள் நடுவில் இவரைப் பார்த்துவிட்டு, "தாத்தாவுக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்று சாரத்துக்காரனே கேட்டான். எலும்பு டாக்டர் இளம்வயதுக்காரர், கண்டிப்பான மனிதர். ஜெயத்தைத் தனியாகக் கூப்பிட்டு, "படுத்தே கிடந்தா நெஞ்சுல சளி கட்டி ரெண்டு மூணு மாசத்துல போயிடுவார். ஆபரேஷன்லயும் போகலாம். நல்லபடி முடிஞ்சா நடப்பார். நீங்கதான் சொல்லணும்" என்றார். தாங்க முடியாத பாரம் அது. கணவன் ஊரில், நாத்தனார் ஊரில், தான் மட்டும் பினாயில் வாசனை அடிக்கும் இந்தத் தாழ்வாரத்தில். "செய்யுங்க" என்று சொல்லிவிட்டு அவள் சுவரோடு சாய்ந்துகொண்டாள்.

முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்துதான் அறுத்தார்கள். ஆகவே உத்திராபதி விழித்தபடியே கிடந்தார். மறுநாள் அவளிடம் சொன்னார்:

"தச்சுப்பட்டறையில இருந்த மாதிரி இருந்துச்சு ஜெயம். அறுக்குற சத்தம் கேக்குது. அப்பால சுத்தியால தட்டறாங்க. டொக்கு டொக்குன்னு."

"நோவலயா மாமா?"

"நோவு இல்ல. பக்கத்து வூட்ல கதவுக்கு நெலவு வக்கிற மாதிரி இருந்துச்சு. நல்லா எறக்குறானா, மட்டம் பாக்குறானான்னு காதக் குடுத்துகினு கெடந்தேன்." இடுப்புக் கட்டை மெல்லத் தடவிக்கொண்டு, "கெட்டிக்காரன்தான் வச்சிருக்கான்" என்றார்.

ஊருக்குப் புறப்படுகிற அன்று டாக்டர் கிழவரையும் ஜெயத்தையும் சேர்த்து நிறுத்தி வைத்துச் சொன்னார். நடக்கலாம், கட்டிலில் படுக்கலாம், உயரமான நாற்காலியில் உட்காரலாம். ஆனால் தரையில் உட்காரக் கூடாது, குந்தக் கூடாது, சம்மணம் போடக் கூடாது, தாழ்வாக உட்கார்ந்து முன்னால் குனியக் கூடாது. குனிந்தால் குமிழ் குழியிலிருந்து நழுவிவிடும்.

"எத்தினி நாளைக்கு சார்?" என்றாள் ஜெயம்.

"ஆயுசுக்கும்."

செஞ்சிக்கு வந்ததும் ஜெயம் கோவிந்தராஜ் ஆசாரியைக் கூப்பிட்டு இரண்டு நாற்காலி செய்யச் சொன்னாள். ஒன்று கொல்லைப்பக்கத்துக்கு. அங்கே இருந்ததெல்லாம் குந்துவதற்கு இரண்டு கருங்கல். அதன் மேல் போட, நடுவில் ஓட்டை வைத்த நாற்காலி. ஆசாரி அதைச் செய்து முடிப்பதற்குள் கடைத்தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்துவிட்டார். இன்னொன்று வேப்பமரத்தில் செய்த கைவைத்த நாற்காலி, சாதாரண நாற்காலியைவிட நாலு விரல் உயரம். கட்டிலுக்கடியில் செங்கல் அடுக்கி அதையும் உயர்த்தினாள். சோற்றை ஸ்டூலில் வைத்துக் கொடுத்தாள். அரிசிக்கு ஊரே ஆலாய்ப் பறந்த வருஷம் அது; ரேஷன் கோதுமையை உடைத்துப் பொங்கினாலும் அதை ஸ்டூலில்தான் வைத்தாள். கீழே விழுந்த துண்டை எடுக்கக்கூட அவர் குனிவதற்குள் இவள் ஓடிவந்து எடுத்துவிடுவாள்.

ஐப்பசியில் மழை விட்ட ஒரு காலையில் உத்திராபதி கைத்தடியை ஊன்றிக்கொண்டு வீட்டிலிருந்து கடைவரை நடந்தார். ஜெயம் இரண்டடி பின்னால் போனாள். கடைத்தெருவே வெளியே வந்து நின்று பார்த்தது. மாவு மில்லை நிறுத்திவிட்டு மில்காரர் வந்தார். "இரும்பு இடுப்பு" என்று யாரோ சொன்னார்கள், அதுவே பேராகிவிட்டது. கிழவருக்கு அதில் கோபமில்லை, கொஞ்சம் பெருமைதான். பூவராகவன் கடைப்படியில் நின்று, "மெட்ராஸ்லதான் பாக்கணும்னு நான் ஒரே புடியா நின்னேன்" என்று பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். ஜெயத்தின் காதில் விழுந்தது. அன்றைக்கு அவளுக்கு அதுகூட உறைக்கவில்லை. மாமா நடக்கிறார், இனி அவர் முகத்தை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. அது போதும் என்று இருந்தது.

தை பிறந்தது. எலெக்‌ஷன் வருஷம்; தெருவெல்லாம் கொடி, மூலைக்கு மூலை மைக்செட்டு. புது மல்லாட்டை வண்டி வண்டியாக வந்து இறங்கத் தொடங்கியிருந்தது. அவர்கள் கடையில் தை முதல் வெள்ளியன்று முதல் எடை. கடையின் மூத்தவர் கல்லா மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முன்னால் கொண்டுவந்து பிரித்த முதல் மூட்டையிலிருந்து தன் கையால் மூன்று கை அள்ளித் தராசுத் தட்டில் போட வேண்டும். அப்புறம்தான் அந்த வருஷத்துக் கொள்முதல். உத்திராபதியின் தகப்பனார் காலத்திலிருந்து அப்படித்தான்.

முந்தின நாள் சாயங்காலம் சோறு போடும்போது ஜெயம் பேச்சை எடுத்தாள்.

"நாளைக்கு மாமாவோட நாற்காலிய கடைக்கு எடுத்துகினு போவச் சொல்லணும்."

"நாற்காலியா? கல்லாவுலயா?" என்றான் பூவராகவன்.

"ஆமா. கீழ ஒக்காரக் கூடாதே."

"கல்லாப்பெட்டி இன்னா ஒயரம் இருக்குதுன்னு பாத்திருக்கியா? மொழங்கா ஒயரம். நாற்காலி போட்டு ஒக்காந்தா பெட்டி கால்மாட்டுல வரும். லட்சுமிய கால்மாட்டுல வச்சுகினு மொத எடை போடறதா? எவன் பாத்தாலும் சிரிப்பான்."

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறான்."

"நீ வூட்ல இருந்துகினு சொல்லுவ. வருசா வருசம் நமக்கு சரக்கு போடற தளவானூர்க்காரன் நாலு வண்டிய எதிர்க்கடைக்குத் திருப்பிட்டான், தெரியுமா? பெரியவரு ஓஞ்சுட்டாரு, இனிமே அந்தக் கடையில எடை எப்பிடி இருக்குமோன்னு பேசிக்கிறானுங்க. நைனா எப்பவும் ஒக்கார்ற மாதிரி ஒக்காந்து மூணு கை அள்ளிப் போட்டா, அவனுங்க வாய் மூடும்."

"அதுக்கு அவரு இடுப்புதான் கெடச்சுதா?"

"பொம்பள பேச்சு கடை வரிக்கும் வரணுமா? அஞ்சு நிமிசம். கலியபெருமாள் புடிச்சு ஒக்கார வப்பான், புடிச்சுத் தூக்குவான்."

ஜெயம் கிழவரிடம் திரும்பினாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டூலில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"மாமா, டாக்டர் இன்னா சொன்னாரு? நீங்களே சொல்லுங்க."

"கீழ ஒக்காராதன்னாரு."

"அப்பறம்?"

கிழவர் மகனைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். "அவன் சொல்றதும் நெசந்தாம்மா. கல்லா காலுல படும். வழிவழியா ஒக்காந்த எடம் அது. நாற்காலி போட்டு ஒக்காந்தா, படுத்து எந்திரிச்சவன் வந்து ஒக்காந்துருக்கான்னுதான் பாப்பான்." சோற்றை ஒரு வாய் வைத்துக்கொண்டு, "அஞ்சு நிமிசந்தானேம்மா" என்றார். அவர் குரலில் ஆசை இருந்தது. அதைக் கேட்ட பிறகு ஜெயத்தால் மேலே பேச முடியவில்லை. பேசியிருக்க வேண்டும், அதைப் பிற்பாடு எத்தனை தடவை நினைத்துக்கொண்டாளோ.

வெள்ளிக்கிழமை காலை அவள் சர்க்கரைப் பொங்கல் தூக்கோடு கடைக்கு எதிரே தெருவில் நின்றாள். முதல் எடைக்குப் பெண்கள் கடைப்படி ஏறும் வழக்கமில்லை. மெத்தைக்குப் புது உறை போட்டிருந்தார்கள். கல்லாப்பெட்டிக்குச் சந்தனம், குங்குமம், சாமந்திச் சரம். குடியானவர்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கூடியிருந்தார்கள், தளவானூர்க்காரரும் வந்திருந்தார். கலியபெருமாள் கிழவரின் கக்கத்தில் கைகொடுத்து மெல்ல இறக்கினார். வலது கால் மடங்க மறுத்தது. பூவராகவன் குனிந்து, சிரித்த முகத்தோடு, அந்தக் காலைப் பிடித்து மடக்கிவிட்டான்.

உத்திராபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். கூட்டத்தில் ஒரு திருப்தி பரவியது. முன்னால் மூட்டையைப் பிரித்து வைத்தார்கள். முதல் கை அள்ளிப் போட்டார். இரண்டாவது கை. மூன்றாவது கைக்கு மூட்டை வாய் கொஞ்சம் தள்ளிப்போயிருந்தது, எட்டிக் குனிந்தார். அந்த இடத்தில் அவர் முகம் வெளுத்ததை ஜெயம் தெருவிலிருந்தே பார்த்தாள். கை மட்டும் நிற்கவில்லை. மூன்றாவது கையும் தட்டில் விழுந்தது. எல்லோரும் கும்பிட்டார்கள். தளவானூர்க்காரர் வந்து, "பெரியவரே, பழைய ஆளாட்டம் ஆயிட்டீங்களே" என்றார். உத்திராபதி தலையை ஆட்டிச் சிரித்தார். பொங்கல் கொடுத்து, தாம்பூலம் கொடுத்து, கூட்டம் கலைகிறவரைக்கும் அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். வேர்வை மட்டும் கழுத்து வழியாகச் சட்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பிறகு கலியபெருமாளைக் கிட்டே கூப்பிட்டார்.

"கலியா, நழுவிகிச்சுடா."

மறுபடியும் அதே கயிற்றுக் கட்டில். திண்டிவனத்து டாக்டர் வந்து பார்த்து, குமிழ் வெளியே வந்துவிட்டது, உடனே மெட்ராசுக்குக் கொண்டுபோனால் மயக்கம் கொடுத்து இழுத்துப் பொருத்திப் பார்ப்பார்கள், தாமதிக்கக் கூடாது என்றார். ஜெயம் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கார் பேசுங்க" என்றாள்.

"ஒரு வாட்டி பட்டது போதாதா?" என்றான் பூவராகவன். "மறுபடியும் அறுப்பானுங்க. வர்ற சரக்கு வர்றபடி இருக்குது, யாரு அலையறது? கொஞ்ச நாள் படுத்திருந்தா அதுவா எறங்கி உக்காரும்."

"அதுவா எப்பிடி உக்காரும்? மாமா, நீங்க சொல்லுங்க."

இந்தத் தடவை உத்திராபதி, நான் போறேன் என்று சொல்லவில்லை. மகன் போட்ட கூட்டத்தில் மகன் சொன்ன இடத்தில் உட்கார்ந்து கெடுத்துக்கொண்டதை, மறுபடி அந்த இளம் டாக்டர் முன்னால் போய் எப்படிச் சொல்வது என்று நினைத்தாரோ என்னவோ. "அவரு சொன்னாரு, நான் கேக்கல" என்று மட்டும் சொன்னார். துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். ஜெயம் தானே போய் மோட்டார் ஸ்டாண்டில் கார் கேட்டாள். பூவராகவன் சொல்லாமல் எவனும் வரவில்லை.

மாசி முழுக்கக் கிடந்தார். பங்குனியில் நெஞ்சில் சளி கட்டி, மெட்ராஸ் டாக்டர் சொல்லியிருந்தபடியே போனார். கடைசி வாரத்தில் அவர் சோறே கேட்கவில்லை. அவள் ஊட்டப் போனால் வாயை மூடிக்கொண்டார்.

பிணத்தின் மேல் விழுந்து விருத்தாம்பாள் அழுதாள். "ஐயோ, இரும்ப வச்சு எங்க நைனாவ கொன்னுட்டாளே. கட்டோட கெடந்திருந்தா இன்னும் பத்து வருசம் இருந்திருப்பாரே." பந்தலில் இருந்த அத்தனை தலையும் ஜெயத்தின் பக்கம் திரும்பியது. ஜெயம் கணவனைப் பார்த்தாள். அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை வரும் என்று பார்த்தாள். பூவராகவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நான் அப்பவே வாணாம்னேன். யாரு கேட்டாங்க?" என்றான். அவன் பக்கத்தில் நின்ற கலியபெருமாள் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன? அந்தக் கடையில் எடை போட்டுத்தான் அவர் வீட்டில் உலை கொதிக்க வேண்டும்.

பால் தெளித்து எலும்பு பொறுக்கும்போது சாம்பலுக்குள் அந்தக் குமிழ் கிடைத்தது, கறுத்திருந்தது, உருகவில்லை. அதைக் கழுவிக் கடைக்கு எடுத்துப்போய் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினான் பூவராகவன். கையில் வாங்கிக் கனம் பார்த்துவிட்டு, "பெத்தவருக்கு எம்மாம் வைத்தியம் பாத்திருக்க ராகவா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். சில நாளில் அது எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த தை வந்தது. முதல் எடைக்கு மறுவாரம். எப்போதும் சாப்பாடு எடுத்துப் போகிற ஆள் வராததால் ஜெயமே கேரியரைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனாள். படியேறியவள் அங்கேயே நின்றுவிட்டாள். கல்லாவில் மெத்தை இல்லை. வேப்பமரத்து நாற்காலி போட்டிருந்தது, கைவைத்த, நாலு விரல் உயரமான நாற்காலி. அதில் பூவராகவன் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் ஒரு பழைய மேசை. மேசை மேல் கல்லாப்பெட்டி, குங்குமமும் காய்ந்த சாமந்தியுமாக, அவன் கைக்கு வாகான உயரத்தில் இருந்தது.

"இன்னா பாக்குற?" என்றான்.

"மாமா நாற்காலி."

"ஆமா. வூட்டுல சும்மாதானே கெடந்துச்சு. முட்டி நோவு தாங்கல. திண்டிவனத்து டாக்டரு கீழ ஒக்காரவே வாணாம்னுட்டாரு."

"பெட்டி?"

"மேச மேல ஏத்தியாச்சு. கோவிந்தராஜ் ஆசாரிகிட்ட பழசு ஒண்ணு இருந்துச்சு. இன்னா பெரிய வேல, காபி குடிக்கிற நேரம்."

மூட்டை மேல் உட்கார்ந்திருந்த தளவானூர்க்காரர் ஜெயத்தைப் பார்த்து மரியாதையாகச் சொன்னார்: "பெரியவரு ஒக்காந்த நாற்காலிய கல்லாவுலயே வச்சு ஒக்காந்துருக்காரு பாருங்கம்மா. இந்தக் காலத்துல எந்தப் புள்ள இப்பிடி இருக்கான்? மொத எடையும் இதுல ஒக்காந்துதான் போட்டாரு."

பூவராகவன் அடக்கமாகச் சிரித்துக்கொண்டான்.

ஜெயம் கேரியரை மேசையின் ஓரத்தில் வைத்தாள். "லட்சுமி கோச்சிக்கலியா?" என்று கேட்டாள். சத்தமாகக் கேட்கவில்லை. ஆனால் தராசைப் பிடித்திருந்த கலியபெருமாளின் கை நின்றது.

பூவராகவன் பெட்டியைத் திறந்தான், மூடினான். கேரியரின் மேலடுக்கைத் தூக்கிப் பார்த்தான். "இன்னா, இவ்ளோதான் வச்சிருக்க? நாளையிலருந்து சோறு இன்னும் கொஞ்சம் கூட வையி. சரக்கு வர்ற நாளு, பசி எடுக்குது."

"வக்கிறேன்" என்றாள்.

படியிறங்கித் தெருவில் நடந்தாள். மல்லாட்டை வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன, வழியெல்லாம் புழுதி. ஒரு மேசை. காபி குடிக்கிற நேரத்து வேலை. போன தையில் அன்றைக்குச் சாயங்காலம் அந்த வீட்டில் மூன்று பேர் இருந்தோமே, பெட்டியைத் தூக்கி மேலே வைக்கலாம் என்று ஒருத்தருக்காவது தோன்றியதா? அவர்களை விடு, உனக்கு ஏனடி தோன்றவில்லை என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். நெஞ்சு எரிந்தது. பசியை வைத்துக்கொண்டே சோற்றைக் குறைக்கச் சொன்னவர் போய்விட்டார். இவனும் ஒருநாள் விழுவான். அன்றைக்கும் அள்ளிப்போடத் தான்தான் இருப்போம் என்று நினைத்தபோது அவளுக்கு வந்தது அழுகையா ஆத்திரமா என்று தெரியவில்லை. வீட்டுக்குப் போனதும் மறுநாளைக்கு அரிசி அளந்து வைத்தாள். ஒரு ஆழாக்கு கூடவே போட்டாள்.